செல்போன் காட்டும் வரப்பை நம்பலாமா?

வானத்திலிருந்து வரும் ஜி.பி.எஸ் சிக்னல் எப்போது தடுமாறும்? தடுமாறினால் விவசாயி என்ன செய்வது?

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதம் இது:

'எனக்கும் என் சித்தப்பா மகனுக்கும் அடுத்தடுத்த வயல். ஆளுக்கு ஒரு ஏக்கர் என்று பெரியவர்கள் வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்து வரப்பு போட்டுக் கொடுத்தார்கள். போன மாதம் தம்பி தன் செல்போனில் ஒரு செயலியை இறக்கி, வரப்பைச் சுற்றி நடந்து அளந்தான். என் வயல் 1 ஏக்கர் 4 சென்ட், அவன் வயல் 96 சென்ட் என்று வந்தது. "அண்ணே, என் நாலு சென்ட் ஒங்கிட்ட இருக்கு"ன்னு வரப்பில் நின்றான். மறுநாள் காலையில் அதே செயலியை வைத்து நான் நடந்தேன். என் வயல் 98 சென்ட் என்று காட்டியது. யார் சொல்வது சரி என்று பேச்சு முற்றி, இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவன் வக்கீலைப் பார்க்கப் போவதாகச் சொல்கிறான். செல்போன் பொய் சொல்லுமா, ஐயா?'

இந்தக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால், நிலம் அளப்பது, ட்ரோனில் மருந்து தெளிப்பது, பயிர்க் கணக்கெடுப்பு, மானியத்துக்கான புகைப்படம், கடலுக்குப் போய்த் திரும்புவது என்று கிராமத்து வாழ்க்கையின் பல வேலைகள் இன்று அந்த ஒரே சிக்னலை நம்பித்தான் நடக்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

வானத்தில் இருப்பது கடிகாரம்

ஜி.பி.எஸ் செயற்கைக்கோள் நம் வயலைப் படம் பிடித்து இடம் சொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதற்கு நம்மைத் தெரியவே தெரியாது. பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தச் செயற்கைக்கோளுக்குள் மிகத் துல்லியமான அணுக்கடிகாரம் இருக்கிறது. 'நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது' என்பதை மட்டும் அது ரேடியோ அலையாக ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அந்த அலை நம்மிடம் வந்து சேர நொடியில் சுமார் 14-ல் ஒரு பங்கு நேரம் ஆகும். எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்குப் போட்டு, செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை நம் செல்போன் தெரிந்துகொள்கிறது. இப்படிக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் கிடைத்துவிடும். இந்தக் கணக்கில் நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினால், இடம் 300 மீட்டர் வரை தவறிப்போகும். அவ்வளவு நுட்பமான வேலை இது.

இதில் பெரிய பலவீனம் ஒன்று இருக்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து வரும் சிக்னல் தரையைத் தொடும்போது மிகவும் மெலிந்துபோகிறது. ஒரு வாட் மின்சாரத்தை நூறு கோடிக் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் நம் கைக்கு வருகிறது. அந்த முணுமுணுப்பைக் கேட்டுத்தான் செல்போன் இடம் சொல்கிறது.

மூன்று விதமான தடை

நான்கு வயல் தள்ளி நிற்கும் ஒருவர் மெல்லிய குரலில் ஏதோ சொல்கிறார். காது கொடுத்தால் கேட்கும். அந்த நேரத்தில் ஊர்க் கோயிலில் கூம்பு ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டால்? அவர் சொல்வது ஒன்றும் காதில் விழாது. ஜி.பி.எஸ் அலைவரிசையில் யாராவது ரேடியோ இரைச்சலை எழுப்பினால் இதுதான் நடக்கும். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. சில வாட் சக்தி கொண்ட சிறிய 'ஜாமர்' போதும். வானத்துக் குரல் அவ்வளவு மெலிந்தது என்பதால், தரையில் இருக்கும் சின்னக் கருவியே அதை அமுக்கிவிடும். இது முதல் வகை.

இரண்டாவது வகை ஏமாற்று. கௌதாரி பிடிப்பவர்கள் பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கத்தவிடுவார்கள். தன் இனத்தின் குரல் என்று நம்பிக் காட்டுக் கௌதாரி வந்து வலையில் விழும். அதேபோல, செயற்கைக்கோள் பேசுவது மாதிரியே பொய்ச் சிக்னலை அனுப்பினால், கருவி அதை நம்பித் தவறான இடத்தைக் காட்டும். இரைச்சலாவது பரவாயில்லை, 'சிக்னல் இல்லை' என்று கருவியே சொல்லிவிடும். பொய்ச் சிக்னலில் கருவி தயங்காமல் தவறான இடத்தைக் காட்டும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

மூன்றாவது வகைக்கு மனிதர் யாரும் காரணமில்லை. சூரியனும், நம் தலைக்கு மேலே உள்ள காற்று மண்டலமும், பக்கத்தில் இருக்கும் மரமும் தகரக் கூரையும் செய்யும் வேலை அது.

ஒரு டிரைவர் செய்த காரியம்

அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில், விமானங்கள் துல்லியமாகத் தரையிறங்க உதவும் ஜி.பி.எஸ் கருவி அமைப்பு ஒன்றைப் பொருத்தினார்கள். அது அடிக்கடி தடுமாறியது. பொறியாளர்களுக்குக் காரணம் புரியவில்லை. விமான நிலையத்தை ஒட்டி ஒரு நெடுஞ்சாலை போகிறது. அதில் போகும் வண்டிகளில் யாரோ ஜாமர் வைத்திருக்கிறார்கள் என்று மெல்லத் தெரியவந்தது.

2012 ஆகஸ்டில் அப்படி ஒரு பிக்-அப் வண்டியைக் கண்டுபிடித்தார்கள். அதை ஓட்டியவர் விமானத்தை வீழ்த்த வந்தவர் அல்ல. கம்பெனி வண்டி எங்கே போகிறது என்று முதலாளி ஜி.பி.எஸ் வைத்துக் கண்காணித்தார். அது தெரியாமல் இருக்க, சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகும் சின்னக் கருவியை மாட்டியிருந்தார், அவ்வளவுதான். அவருக்கு 31,875 டாலர் அபராதம் விதிக்க அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் 2013-ல் நடவடிக்கை எடுத்தது. வேலையும் போயிற்று.

இதை நம் ஊருக்கும் பொருத்திப் பாருங்கள். டிப்பர், அறுவடை இயந்திரம், வாடகை டிராக்டர் என எல்லாவற்றிலும் இப்போது உரிமையாளர்கள் ஜி.பி.எஸ் பொருத்துகிறார்கள். 'மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு கருவி இருக்கு' என்று யாராவது ஆசை காட்டினால், அந்த வண்டி போகும் வழியெல்லாம் மற்றவர்களின் வேலையும் கெடும் என்பதை நினைவில் வையுங்கள். இந்தியாவில் தனியார் யாரும் அரசு அனுமதி இல்லாமல் ஜாமரோ ஜி.பி.எஸ் தடுப்புக் கருவியோ வைத்திருப்பதும் விற்பதும் சட்டவிரோதம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2022 ஜனவரியில் இதைத் தெளிவாகவே அறிவித்திருக்கிறது.

கரைக்குத் திரும்பிய படகுகள்

வேண்டுமென்றே, பெரிய அளவில் செய்யப்படும் தடைகளும் உண்டு. 2016-ல் வடகொரியாவிலிருந்து வந்த இரைச்சல் சிக்னலால் தென்கொரியாவின் நூற்றுக்கணக்கான மீன்பிடிப் படகுகள் தொழிலைப் பாதியில் விட்டுக் கரை திரும்பின என்று அந்நாட்டு அரசு சொன்னது. வடகொரியா அதை மறுத்தது. 2017 ஜூனில் கருங்கடலில் சுமார் 20 கப்பல்களின் கருவிகள், தண்ணீரில் மிதக்கும் கப்பலை ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. 2024-ல் எஸ்தோனியா நாட்டின் டார்ட்டு நகருக்கான விமானச் சேவையை ஃபின்லாந்து நிறுவனம் ஒன்று ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. அந்த விமான நிலையத்தில் இறங்க அப்போது ஜி.பி.எஸ் தவிர ஏற்ற வேறு வழி இல்லாததே காரணம். மாற்று ஏற்பாடு செய்த பிறகுதான் விமானம் மீண்டும் போனது.

நம் நாட்டிலும் இது நடக்கிறது. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதியில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கத்தில், 465 முறை விமானங்களின் ஜி.பி.எஸ் சிக்னலில் குறுக்கீடு நடந்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. விமானிகளுக்கு வேறு கருவிகளும் வேறு வழிமுறைகளும் உண்டு, அதனால் சமாளிக்கிறார்கள். ஒரே ஒரு கருவியை மட்டும் நம்பியிருப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

சூரியன் நிறுத்திய டிராக்டர்கள்

விவசாயிகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம் 2024 மே 10, 11 தேதிகளில் நடந்தது. சூரியனில் எழுந்த பெரும் புயல் பூமியின் காந்த மண்டலத்தை வந்து மோதியது. 2003-க்குப் பிறகு அவ்வளவு கடுமையான காந்தப் புயல் வந்ததில்லை. அமெரிக்காவின் மத்திய மாநிலங்களில் அது மக்காச்சோள விதைப்புக் காலம். அங்கே டிராக்டர்கள் ஜி.பி.எஸ் சொல்லும் கோட்டில், சில சென்டிமீட்டர் பிசகாமல் தாமாகவே ஓடும். புயல் நேரத்தில் அந்தத் துல்லியம் போய்விட்டது. பல பண்ணைகளில் விதைப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

நிறுத்தியவர்களுக்கு ஒரு நாள் வேலை கெட்டது. நிறுத்தாமல் ஓட்டியவர்களுக்கு வேறு சிக்கல். புயல் நேரத்தில் டிராக்டர் ஓர் இடத்தில் விதைத்தது, கருவியோ வேறு இடத்தில் விதைத்ததாகப் பதிவு செய்தது. பின்னால் உரம் போடவும் களை எடுக்கவும் அதே பதிவை நம்பிப் போனால், பயிர் வரிசை அங்கே இருக்காது. சக்கரம் பயிரின் மேலேயே ஏறும். அதனால்தான், இனி இந்த வயலில் இறங்கும்போது பதிவை நம்பாமல் கண்ணால் வரிசையைப் பார்த்து ஓட்டுங்கள் என்று இயந்திர விற்பனையாளர்களே விவசாயிகளை எச்சரித்தார்கள்.

நமக்குப் பாடம் இதில்தான் இருக்கிறது. சிக்னல் தடுமாறுவது ஒரு மணி நேரம்தான். அந்த நேரத்தில் எடுத்த தவறான பதிவு மாதக்கணக்கில், ஏன், பட்டாவில் ஏறிவிட்டால் தலைமுறைக்கும் நிற்கும்.

நம் தலைக்கு மேலே ஒரு சிக்கல்

சூரியப் புயல் எப்போதாவது வருவது. தமிழ்நாட்டுக்கு என்றே அடிக்கடி வரும் இடையூறு ஒன்றும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் மாநிலத்தின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அதனால்தான் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வு மையம் வைத்திருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வருகிறது.

இந்தக் காந்த நடுக்கோட்டுப் பகுதியில், மிக உயரத்தில் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கு ஒன்று இருக்கிறது. அயனி மண்டலம் என்பார்கள். சூரியன் மறைந்த பிறகு அந்த அடுக்கில் குமிழ்கள் போல வெற்றிடங்கள் எழும்பும். கொதிக்கும் உலையில் குமிழ் எழும்புவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழியாக வரும் சிக்னல், கானல் நீருக்கு அப்பால் தெரியும் மரம் போல நடுங்கும். பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு, நள்ளிரவு வரை இந்தத் தொல்லை இருக்கும். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அதிகம். சூரியனின் சீற்றம் கூடும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். செல்போனில் பேருந்து நிலையத்துக்கு வழி பார்ப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. சென்டிமீட்டர் கணக்கில் நிலம் அளக்கும் கருவிக்குத் தெரியும்.

இதோடு வயலோரத்துச் சிக்கல்களும் சேர்ந்துகொள்ளும். அடர்ந்த தென்னந்தோப்பு, மாந்தோப்புக்குள் சிக்னல் மேலும் மெலியும். தகரக் கொட்டகையிலும் மாடிக் கட்டடத்திலும் பட்டுத் திரும்பி வரும் சிக்னல், நேராக வருவதைவிட நீண்ட வழி நடந்து வருவதால் கணக்கைக் கெடுக்கும்.

நாலு சென்ட் எங்கிருந்து வந்தது?

இப்போது புதுக்கோட்டை வாசகரின் கணக்குக்கு வருவோம். திறந்த வெளியில்கூட சாதாரண செல்போன் சுமார் 5 மீட்டர் வரை பிசகும். ஒரு ஏக்கர் சதுர வயலின் ஒரு பக்கம் ஏறக்குறைய 63.6 மீட்டர். அதில் ஒரு வரப்பை மட்டும் செல்போன் 3 மீட்டர் தள்ளிக் காட்டினால், 63.6 பெருக்கல் 3, சுமார் 191 சதுர மீட்டர் கூடும் அல்லது குறையும். ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். ஆக, 4.7 சென்ட் போய்விட்டது!

நான்கு மூலையிலும் பிழை ஒரே பக்கம் இழுத்தால் பரப்பு மாறாது, வயல் மொத்தமும் படத்தில் நகர்ந்து நிற்கும். ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு பக்கம் இழுத்தால் பரப்பு மாறும். அதனால்தான் சாயங்காலம் ஒரு கணக்கு, காலையில் ஒரு கணக்கு. அண்ணனும் பொய் சொல்லவில்லை, தம்பியும் பொய் சொல்லவில்லை. அந்த நாலு சென்ட், கருவியின் பிழைக்குள்ளேயே அடங்கிப்போகும் கணக்கு.

விதை எவ்வளவு வாங்கலாம், உழவுக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று உத்தேசம் போட அந்தச் செயலி போதும். வரப்பை வெட்ட அது போதாது.

எங்கெல்லாம் கவனம் தேவை?

நிலம் அளக்கும்போது: அரசு நில அளவையில் பயன்படும் 'ரோவர்' கருவி செல்போனைப் போன்றது அல்ல. இடம் ஏற்கெனவே துல்லியமாகத் தெரிந்த நிலையான மையத்திலிருந்து திருத்தக் கணக்கைப் பெற்று, சில சென்டிமீட்டருக்குள் அளக்கும். ஆனால், அதன் திரையில் 'ஃபிக்ஸ்' என்று வந்த பிறகே புள்ளியைப் பதிய வேண்டும். 'ஃப்ளோட்' என்று இருந்தால் துல்லியம் இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அளக்க வருபவரிடம் மரியாதையாக, 'ஃபிக்ஸ் ஆகிடுச்சுங்களா சார்?' என்று கேட்கலாம், தவறில்லை. தனியார் அளவையாளரை வைத்து அளந்தாலும் இதையே கேளுங்கள்.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஓர் எல்லைக்கல்லில் தொடங்கி, அளந்து முடித்து, அதே கல்லுக்கே வந்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நடுவில் எடுத்த புள்ளிகளை நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு நேரத்தில், வெளிச்சம் இருக்கும்போது, மறுபடி அளப்பதே நல்லது.

ட்ரோன் தெளிக்கும்போது: காற்றில் ஓரிடத்தில் அசையாமல் நிற்க ட்ரோனுக்கு ஜி.பி.எஸ் வேண்டும். சிக்னல் போனால் பல ட்ரோன்கள் உயரத்தைப் பிடித்துக்கொண்டு காற்றடிக்கும் பக்கம் நகரத் தொடங்கும். அப்போது இயக்குபவர் கையால் ஓட்டி இறக்க வேண்டும். அதனால் உரிமம் பெற்ற, கையால் ஓட்டத் தெரிந்தவரையே அழையுங்கள். புறப்படும் இடம் சரியாகப் பதிவான பிறகே ட்ரோனை எழுப்பச் சொல்லுங்கள். உயர் அழுத்த மின்கம்பி, செல்போன் கோபுரம், கிணற்று மேடு, தென்னை மரம் எங்கெங்கே இருக்கின்றன என்று முன்கூட்டியே காட்டிவிடுங்கள். பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் வயலை விட்டு விலக்கி வையுங்கள். பக்கத்து வயலில் வேறு பயிர் இருந்தால், நகரும் ட்ரோன் களைக்கொல்லியை அங்கேயும் கொட்டிவிடும்.

பயிர்ப் பதிவின்போது: மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பிலும், சொட்டுநீர் போன்ற மானியத் திட்டங்களிலும் இடத்தோடு சேர்த்துப் புகைப்படம் எடுக்கிறார்கள். இடம் தவறினால் பக்கத்துச் சர்வே எண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் வைத்தது நெல், பதிவில் இருப்பது தரிசு என்றால், இழப்பீடு கேட்கும் நாளில்தான் வயிறு எரியும். கணக்கெடுப்பு முடிந்ததும் உங்கள் சர்வே எண்ணுக்கு அடங்கலில் எந்தப் பயிர் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். தவறு இருந்தால் உடனே கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து மூலம் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கடலுக்குப் போகும்போது: பாக் நீரிணையில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவில் சர்வதேசக் கடல் எல்லை. அங்கே கருவி தவறாகக் காட்டினால் படகும் போகும், ஆளும் சிறைப்படலாம். மூத்த மீனவர்கள் நட்சத்திரம், காற்று, நீரோட்டம், ஆழம் ஆகியவற்றை வைத்தே திசை சொல்வார்கள். அந்த அறிவு இளையவர்களுக்கும் வர வேண்டும். படகில் காந்தத் திசைகாட்டி ஒன்று எப்போதும் இருக்கட்டும். அது எந்தச் செயற்கைக்கோளையும் நம்பி இல்லை.

நம் சொந்தச் செயற்கைக்கோள்

அடுத்த நாட்டின் ஜி.பி.எஸ்ஸை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று இஸ்ரோ உருவாக்கியது 'நேவிக்'. அதன் முதல் செயற்கைக்கோள் 2013-ல் ஏவப்பட்டது. வழியில் சோதனைகளும் வந்தன. முதல் செயற்கைக்கோளில் இருந்த மூன்று அணுக்கடிகாரங்களும் பழுதாயின. 2023 மே மாதம் ஏவிய என்.வி.எஸ்-01 செயற்கைக்கோளில் நம் நாட்டிலேயே செய்த அணுக்கடிகாரம் போனது. 2025 ஜனவரியில் ஏவிய என்.வி.எஸ்-02, வால்வு திறக்காததால் உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை.

சொந்த அமைப்பு இருப்பது நாட்டுக்குப் பெரிய பலம். யாரும் நினைத்தபடி நம் சேவையை நிறுத்த முடியாது. ஆனால், நேவிக் சிக்னலும் தரைக்கு வரும்போது மெலிந்தே வருகிறது. இரைச்சலுக்கு அதுவும் பணியும். ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளைக் கேட்கும் கருவி, ஒன்று மட்டும் கேட்கும் கருவியைவிடத் தேவலை. தென்கொரியா போன்ற நாடுகள், தரையிலிருந்தே பலமான சிக்னல் அனுப்பும் 'ஈ-லோரன்' என்ற வேறு வழியையும் துணைக்கு வைத்திருக்க முனைந்தன. பருவமழையை மட்டும் நம்பாமல் கிணறும் வெட்டி வைக்கிறோமே, அது மாதிரிதான்.

வாசகர் கேள்விகள்

இந்தப் பொருள் பற்றி வாசகர்கள் கேட்ட வேறு சில கேள்விகளும் பதில்களும்:

கேள்வி: மழை மேகம் இருந்தால் ஜி.பி.எஸ் தவறுமா?

பதில்: மேகமும் மழையும் இந்த அலைவரிசையைப் பெரிதாகத் தடுப்பதில்லை. ஈரமான அடர்ந்த மர இலைகள்தான் அதிகம் தடுக்கும். மழைக்காலத்தில் தோப்புக்குள் அளப்பதைத் தவிருங்கள்.

கேள்வி: செல்போன் கோபுரம் இல்லாத ஊரில் ஜி.பி.எஸ் வேலை செய்யுமா?

பதில்: செய்யும். செயற்கைக்கோள் சிக்னலுக்கும் செல்போன் கோபுரத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கோபுரம் இல்லாவிட்டால் முதலில் இடம் பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகும், வரைபடம் இறங்காது, அவ்வளவுதான். ஆனால், திருத்தக் கணக்கை இணையம் வழியாகப் பெறும் ரோவர் கருவிக்கு இணைய இணைப்பு தேவை. அது விட்டு விட்டு வரும் இடத்தில் பொறுமையாக அளக்க வேண்டும்.

கேள்வி: ஜி.பி.எஸ் தடைப்பட்டால் வழி தெரியாமல் போவது தவிர வேறு என்ன கெடும்?

பதில்: நேரம் கெடும். செல்போன் கோபுரங்களும் மின்கட்டமைப்பும் தங்கள் கடிகாரங்களை ஒத்துப்போக வைக்க ஜி.பி.எஸ் நேரத்தைப் பயன்படுத்துகின்றன. 2007 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோ துறைமுகத்தில் கடற்படைப் பயிற்சியின்போது தவறுதலாக ஜி.பி.எஸ் தடைப்பட்டது. நகரத்தில் செல்போன் சேவையும் மருத்துவமனையில் டாக்டர்களை அழைக்கும் பேஜர்களும் தடுமாறின.

கேள்வி: செல்போனில் மானியப் புகைப்படம் எடுக்கும்போது இடம் சரியாக வர என்ன செய்வது?

பதில்: வயலின் நடுவில், திறந்த வெளியில் நில்லுங்கள். பேட்டரி சேமிப்பு வசதியை நிறுத்திவிடுங்கள். செயலியைத் திறந்ததும் அவசரப்படாமல் ஓரிரு நிமிடம் காத்திருங்கள். வரைபடத்தில் நீலப் புள்ளியைச் சுற்றியுள்ள வட்டம் சுருங்கும். வட்டம் பெரிதாக இருந்தால் செல்போனுக்கே சந்தேகம் என்று அர்த்தம். சுருங்கிய பிறகு படம் எடுங்கள்.

புதுக்கோட்டை அண்ணனுக்கும் தம்பிக்கும்

வக்கீலைப் பார்ப்பதற்கு முன் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சர்வே எண்ணுக்கான புலப்படத்தை வாங்குங்கள். அரசின் இணையதளத்திலும் இ-சேவை மையத்திலும் கிடைக்கும். எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்லுக்கு எத்தனை மீட்டர் என்று அதில் இருக்கும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய எல்லைக்கற்களைத் தேடுங்கள். பல கற்கள் வரப்புக்குள்ளும் புதருக்குள்ளும் மூழ்கிக் கிடக்கும், பெரியவர்களைக் கேட்டால் இடம் சொல்வார்கள். கல்லைக் கண்டால் பிடுங்காதீர்கள், நகர்த்தாதீர்கள். கல்லுக்குக் கல் நாடா பிடித்து அளந்து, புலப்படத்தோடு ஒப்பிடுங்கள்.

உங்கள் இருவருக்கும் நடுவில் போவது வாய்ப்பேச்சாகப் போட்ட வரப்பு என்கிறீர்கள். அப்படியானால் அந்தக் கோடு புலப்படத்தில் இருக்காது. உட்பிரிவு செய்யாமல் கூட்டுப் பட்டாவாகவே இருக்கும். இருவரும் சம்மதித்து, பாகப்பிரிவினையைப் பதிவு செய்து, உட்பிரிவுக்கு விண்ணப்பம் கொடுங்கள். நில அளவர் வந்து, இருவர் முன்னிலையிலும் அளந்து கல் நட்டுக் கொடுப்பார். அன்று இரண்டு வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கல் இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். அடுத்த தலைமுறை செல்போனை வைத்துச் சண்டை போடாமல் இருக்கும்.

அதற்குப் பிறகும் ஒருவருக்கு ஒரு சென்ட் கூடவோ குறையவோ வந்தால், அது உண்மையான ஒரு சென்ட். உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம். 20,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த முணுமுணுப்பைச் செல்போன் ஒரு நாள் சரியாகக் கேட்கவில்லை. அதற்காக அடுத்த வரப்பில் நிற்கும் அண்ணன் தம்பி பேசாமல் இருக்க வேண்டாம். இந்த இதழைப் படித்து முடித்ததும், யாராவது ஒருவர் முதலில் போய்க் கூப்பிடுங்கள்.